காட்டுப்பள்ளி: எண்ணூருக்கு வடக்கே ஆள் குறைந்த மணல் திட்டு, யாருக்காவது விவரம் தெரியுமா?

கல்மண்டபம்காரன்

வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. மேப்பில் எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் நீளமாக ஒரு மணல் பட்டை தெரிகிறது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. தெற்கு முனையில் மின்நிலையமும் துறைமுகமும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்கு மேலே பழவேற்காடு வரைக்கும் பச்சையும் மணலும்தான், வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றும். காட்டுப்பள்ளி என்று போட்டிருக்கிறது.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆபீஸில் ஒருத்தர், "அது சும்மா கிடந்த இடம்பா, அதான் துறைமுகம் கட்டினாங்க" என்கிறார். நிஜமாகவே சும்மா கிடந்த இடமா? அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அத்திப்பட்டு லோகோ

தம்பி, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தின்மேல் போகும். கண்ணில் படுகிற தண்ணீர், அலையாத்திப் புதர், அதற்குப் பின்னால் புகைபோக்கிகள், எல்லாம் அந்தத் திட்டின் தெற்கு முனையை ஒட்டியவைதான். பாதிப் பேர் அந்த நேரம் பார்த்து போனை எடுத்துவிடுகிறார்கள்.

எல்லை சொல்கிறேன். கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே எண்ணூர் முகத்துவாரம். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையின் உப்பங்கழியும். வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். நிர்வாகக் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஒன்றியம். 1997க்கு முன்னால் திருவள்ளூர் மாவட்டமே கிடையாது, செங்கல்பட்டோடுதான் இருந்தோம். கத்திவாக்கம் நகராட்சியை 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதனால் இன்றைக்குக் கழிமுகத்துக்குத் தெற்குக் கரை மாநகரம், வடக்குக் கரை பஞ்சாயத்து. தண்ணீருக்கு இந்தப் பக்கம் கார்ப்பரேஷன் குப்பை வண்டி வரும், அந்தப் பக்கம் வராது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எங்களூரில் சொல்வார்கள்.

ஆறுகளைப் பார்த்தால்தான் இடம் புரியும். கொசஸ்தலையை 1944ல் பூண்டியில் மறித்து நீர்த்தேக்கம் கட்டினார்கள், சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது தொடங்கிய வேலை. அதன் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, பிறகு எங்கள் மீஞ்சூர் பக்கம் வல்லூர் அணைக்கட்டு. அதையும் தாண்டி வரும் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போகாது. மணல் திட்டு குறுக்கே நிற்பதால் உப்பங்கழியாக அகன்று, தெற்கே திரும்பி, எண்ணூரில் வாய் திறக்கிறது. வடக்கே ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. இரண்டு ஆற்று முகத்துக்கும் நடுவில் நிற்கும் கடற்கரை மணல்தான் காட்டுப்பள்ளி.

தண்டையார்பேட்டை தாமு

லோகோ அண்ணே, ஒரு சந்தேகம். இதை எல்லா செய்தியிலும் தீவு தீவு என்று எழுதுகிறார்கள். மேற்கே இருப்பது வெட்டின கால்வாய்தானே? கால்வாய் வெட்டினால் தீவு ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் மயிலாப்பூரும் தீவுதான்.

பொன்னேரி டீச்சர்

மயிலாப்பூரை விடுங்கள் தாமு. கால்வாய்க்காரர்கள் காய்ந்த தரையில் வெட்டவில்லை. கடலுக்கு இணையாக ஏற்கெனவே இருந்த உப்பங்கழிகளைத்தான் ஆழப்படுத்தி ஒன்றோடொன்று கோத்தார்கள். அலை ஏறினால் மூழ்கும், இறங்கினால் சேறு தெரியும், அப்படிப்பட்ட தாழ்ந்த நிலம் அது.

முதல் துண்டு 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை. காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வியாபாரி போட்டது, அவர் பெயரிலேயே காக்ரேன் கால்வாய் என்று இருந்தது. பிறகு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கரைக்கு நீட்டினார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சாகக் கிடந்த ஜனங்களுக்குக் கஞ்சிக்கு வழியாக மண் வெட்டும் வேலை கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி அப்போதுதான் வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபு. பெயர் அவருக்குப் போய்விட்டது, கூடை சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ரயில் வரும்வரை விறகு, உப்பு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், நெல் எல்லாம் இந்த வழியில்தான் பட்டணம் போயிற்று. வடசென்னைக்காரர்கள் அந்தக் காலத்தில் வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் இந்தக் கழியின் கிளிஞ்சலும் இருக்கும்.

சரித்திரம் வடக்கு முனையில்தான் கனமாக இருக்கிறது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். நினைவு வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலேயர் சென்னையில் நிலம் வாங்கியது 1639ல். அதாவது ஜார்ஜ் கோட்டைக்கு முன்னாலேயே இங்கே பெரிய துறைமுகம் ஓடியது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம், 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. துணி போனது, வெடிமருந்து செய்தார்கள், இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கடைசி விஷயத்தைச் சுற்றுலா போர்டுகளில் எழுதுவதில்லை. 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுசாக வந்தது. கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும், பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள்.

தண்டையார்பேட்டை தாமு

சரி டீச்சர், தீவு என்றே வைத்துக்கொள்வோம். பழவேற்காட்டில் இவ்வளவு கூட்டம், வியாபாரம், கோட்டை. எண்ணூரிலும் ஜனம். நடுவில் மட்டும் ஏன் ஆளே இல்லை?

கடலோடி மகன்

ஆளே இல்லை என்று யார் சொன்னது? நான் அங்கே பிறந்தவன். இப்போது எர்ணாவூரில் இருக்கிறேன்.

கடல் ஓரமாக மீனவர் குப்பங்கள், உள்ளே காளஞ்சி, கருங்காலி மாதிரி ஊர்கள், கழி ஓரமாக இருளர் குடியிருப்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சவுக்கும் பனையும் மணல் மேடும். மணலில் நெல் விளையாது. வேர்க்கடலை, தர்பூசணி, கொஞ்சம் காய்கறி, அவ்வளவுதான் தாங்கும். மழைக் காலத்தில் பூண்டி திறந்தால் மேற்கே வெள்ளம், கிழக்கே புயல் கடல். ஆஸ்பத்திரி என்றால் படகு. பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதனால்தான் ஊர் பெருகவில்லை. ஆனால் நூறு வீட்டு ஊருக்கு ஆயிரம் வீட்டுக்கான இடம் வேண்டும், ஏனென்றால் எங்கள் வயல் தண்ணீரில் இருக்கிறது. மேப்பில் வீட்டை எண்ணினால் அது எப்படித் தெரியும்?

தண்ணீர் கதை ஒன்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் உப்பு. ஆனால் மணல் மேட்டின் அடிவாரத்தில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். என் ஆயா ஊற்றை அகலமாகத் தோண்டவே விடமாட்டாள். ஓரத்தை ஓலையால் கட்டி, கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவாள். நாங்கள் பொறுமை இல்லாமல் குடத்தை அப்படியே அமுக்கினால் அடி விழும். கலக்கினால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும் என்பாள்.

மணல்கணக்கு

உங்கள் ஆயா சொன்னது துல்லியமான நிலத்தடி நீரியல். மழை நீர் மணலில் இறங்கி, உப்பு நீரைவிட லேசானதால் அதன்மேல் மிதக்கிறது. மெதுவாக எடுத்தால் நிற்கும். வேகமாக இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும்.

இதையே பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர் இருக்கிறது. 1960களின் கடைசியில் ஆரணி, கொசஸ்தலைப் படுகையில் ஆய்வு நடத்தி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். மணலியின் தொழிற்சாலைகளுக்கும் சென்னையின் குடிநீருக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். எடுத்த அளவுக்கு மழை ஈடு கொடுக்காததால் கடல் நீர் உள்ளே பல கிலோமீட்டர் நகர்ந்தது. அதே காட்டுப்பள்ளியில் 2010ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். முதலில் நல்ல தண்ணீரை எடுத்து உப்பாக்கினோம், பிறகு உப்பை எடுத்து நல்ல தண்ணீராக்குகிறோம். மின்கட்டணம் தனி.

தொழில் ரீதியாக எனக்குத் தெரிந்தது மணல் நகர்வு. நம் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைப் போட்டால் நிகரம் வடக்குதான். கடலுக்குள் எதையாவது குறுக்கே நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். 1876 வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் தெருத்தெருவாகக் கடலுக்குக் கொடுத்தன. கல்மண்டபம்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2001ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது, இப்போது காமராஜர் துறைமுகம். அதை ஒட்டி வடக்கே 2013ல் காட்டுப்பள்ளித் துறைமுகம். கணக்கு மாறாது. தெற்கே சேரும் மணல் எண்ணூர் முகத்துவாரத்தை அடைக்கிறது, அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வடக்கே திட்டு மெலிகிறது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஏற்கெனவே ஒல்லியான பட்டை, அதில் அரிப்பு. எங்காவது ஒரு பெரிய புயலில் உடைத்துக்கொண்டால் பழவேற்காட்டுப் பக்கம் உப்பின் அளவே மாறிவிடும், ஏரியின் தொழில் முழுக்க அந்த உப்பின் அளவில்தான் நிற்கிறது.

வியாசர்பாடி வாத்தி

எல்லாம் சரி, ஆனால் இந்த இழை ஒரே பக்கமாகச் சாய்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவிலேயே அந்தத் துறைமுகங்களில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவன், கண்டெய்னர் கணக்கு எழுதுகிறவன், டீக்கடை போட்டவன். மின்நிலையம் வேண்டாம் என்றால் இந்த ஃபேன் எதில் ஓடும்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970லேயே வந்தது, 2017ல் மூடினார்கள். வடசென்னை நிலையம் 1994ல் தொடங்கி முதல் இரண்டு கட்டத்தில் 1,830 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட். ஊர் கூடி அனுபவித்துவிட்டு இப்போது அழக்கூடாது.

கல்மண்டபம்காரன்

வாத்தி சார், அங்கேதான் எனக்கே உறுத்துகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கிய காலம். கொடியில் இருந்து எடுக்கும்போது அம்மா உதறிப் பார்ப்பார், கறுப்பாகத் தூள் விழும். வழக்கு நடந்து 2011ல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, நாங்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். நிலக்கரி எங்கே போயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எண்ணூருக்குத்தானே போயிருக்கிறது?

அத்திப்பட்டு லோகோ

ஆமாம், எங்களுக்குத்தான் வந்தது. அந்தத் துறைமுகமே முதலில் மின்வாரியத்துக்கு நிலக்கரி இறக்கக் கட்டினதுதான். கன்வேயர் பெல்ட் கப்பலிலிருந்து நேராக நிலையத்துக்குள் போகும்.

நிலக்கரியைவிட அதன் சாம்பல் பெரிய கதை. எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியில் கழியைத் தாண்டுகிறது. ஒழுகினால் கழியில் படியும். கால் வைத்தால் முழங்கால் வரை சாம்பல் கலந்த சேறு இறங்குகிற இடங்கள் இருக்கின்றன. செப்பாக்கம் என்ற கிராமம் சாம்பல் குட்டையின் ஓரத்திலேயே இருக்கிறது. கோடைக் காற்றில் அங்கே சோற்றுத் தட்டை மூடாமல் சாப்பிட முடியாது. அதுவும் ஆள் குறைந்த ஊர்தான். ஆள் குறைந்த ஊர் என்றால் புகார் மனுவிலும் கையெழுத்து குறைவாகத்தானே இருக்கும்.

கடலோடி மகன்

வாத்தி சாருக்கு என் பதில். வேலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் தம்பியே கான்ட்ராக்டில் ஓரிடத்தில் வேலை பார்த்தான். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடின, ஆகவில்லை. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் குப்பத்தையே கடலோரத்திலிருந்து பெயர்த்து உள்ளே வைத்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடலின் சத்தம் கேட்டுத்தான் என் அப்பா தொழிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். இப்போது போன் போட்டுக் கேட்கிறார்.

கழித் தொழிலைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் நல்ல மீன் ஓடும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் போனால் வெட்டுக்குத்துதான். அதனால் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர், ஊருக்குள் இன்னின்ன தலைக்கட்டு என்று முறை வைத்திருக்கிறார்கள், சீட்டுக் குலுக்கியும் எடுப்பார்கள். முறை இல்லாதவன் அன்றைக்கு வலை பின்னுவான், அல்லது கடலுக்குப் போவான். கோர்ட்டு, போலீஸ் எதுவும் வேண்டியதில்லை. அந்த இடத்தில் குழாயோ பாலமோ வந்தால் மீனவர் ஒருத்தருக்கு நஷ்டம் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அந்தப் பாடு முறையில் பங்குள்ள அத்தனை ஊருக்கும் போச்சு.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போவார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், பறி முகவாய்க்குக் கீழே தண்ணீரில் மிதந்து வரும். விரலில் இறால் மீசை பட்டதும் ஒரு அமுக்கு, நேராகப் பறிக்குள். எங்கள் ஆட்களுக்கு அந்த வேகம் வராது. சேறு சாம்பலானால் அந்தக் கைக்கு முதலில் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் படிந்தபோது அந்தப் பெண்கள் தண்ணீரில் இறங்கவே முடியவில்லை. படகு, வலை, அலையாத்தி வேர், நாரை எல்லாம் தார் பூசினது மாதிரி ஆகிவிட்டது.

இப்போது புதிதாகக் காக்கா ஆழி.

பொன்னேரி டீச்சர்

அது என்ன காக்கா ஆழி? மீன் வாங்கும்போது காதில் விழுந்திருக்கிறது, பார்த்ததில்லை.

கடலோடி மகன்

கறுப்பாக, விரல் நீளத்தில் ஒரு சிப்பி, டீச்சர். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பியாம். கப்பல் எடைக்காக நிரப்பி வந்து இங்கே கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். கழியின் அடித்தரையில் பாய் விரித்தது போல ஒட்டிப் பரவுகிறது. மேலே நடந்தால் காலைக் கிழிக்கும். இறால் சேற்றில் புதைய முடியாது, மஞ்சள் மட்டி காணாமல் போய்விட்டது. சுரண்டி எடுத்தாலும் மறுபடி வருகிறது. தின்னலாமா என்று கேட்காதீர்கள், இந்தச் சேற்றில் வளர்ந்ததை நான் தின்னமாட்டேன்.

தண்டையார்பேட்டை தாமு

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் என்ன ஆயிற்று? ஏதோ ஆறாயிரம் ஏக்கர் என்று பேச்சு அடிபட்டதே.

மணல்கணக்கு

திட்ட ஆவணத்தில் இருப்பது 6,110 ஏக்கர், கடலைத் தூர்த்து எடுப்பதும் அதில் சேர்த்தி. சரக்குத் திறனை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக உயர்த்துவதாகத் திட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021லும் 2023லும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது.

வாத்தி சார், உங்கள் கேள்வி நியாயமானதுதான், மின்சாரமும் துறைமுகமும் வேண்டும். என் சண்டை வேறு. இடம் தேடும்போது முதலில் பார்ப்பது எத்தனை வீடு இடிக்க வேண்டும் என்பது. காட்டுப்பள்ளி எப்போதும் அந்தக் கணக்கில் மலிவாக வந்துவிடுகிறது. வெள்ளம் வடியும் கழிமுகம், நல்ல தண்ணீர் தாங்கும் மணல், கரையைக் காக்கும் மேடு, இவற்றுக்கு விலைப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. கொசஸ்தலை வெள்ளம் எண்ணூரில் வெளியேறவில்லை என்றால் திரும்பி வரும் தண்ணீர் மணலிக்கும் மீஞ்சூருக்கும்தான். 2015ல் மணலி புதுநகரில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்கள் இந்த இழையிலேயே இருப்பார்கள்.

வியாசர்பாடி வாத்தி

என் மாமியார் வீடு மணலி புதுநகர். 2015ல் கட்டிலின் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். அதை நான் மழைக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். இருந்தாலும் துறைமுகம் வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை, தூர்க்காமல் கட்ட வழி இருக்கிறதா என்று உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மணல்கணக்கு

இருப்பதை ஆழமாக்கலாம், சரக்கைக் கையாளும் வேகத்தைக் கூட்டலாம். உள்ளே நிலம் எடுப்பதைவிட அது எளிது. இதற்குத் தனி இழை போடுங்கள் சார், படத்தோடு விளக்குகிறேன்.

கல்மண்டபம்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸ்காரருக்கு இந்த இழையின் லிங்க் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. நேரில் போய்ப் பார்க்க வழி சொல்லுங்கள். தெற்குப் பக்கமா, வடக்குப் பக்கமா?

பொன்னேரி டீச்சர்

வடக்கிலிருந்து வாருங்கள். தெற்கில் பாதி இடம் கேட்டும் செக்யூரிட்டியும்தான், திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொன்னேரி வரை லோக்கல், அங்கிருந்து பழவேற்காடு பஸ். டச்சுக் கல்லறையையும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிட்டு, பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் போகலாம். 1859லிருந்து அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதன் தெற்கே நீண்டு போவதுதான் உங்கள் திட்டு. பனையோலைப் பெட்டி பின்னும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். குளிர்காலமாக இருந்தால் ஏரியில் பூநாரை தெரியும்.

படகில் ஏற்றிப் போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதன் பிறகு தடை.

கடலோடி மகன்

டீச்சர் சொன்ன வழிதான். காளஞ்சிப் பக்கம் இறங்கி நடப்பதாக இருந்தால் முன்கூட்டி இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், என் மச்சான் அங்கே இருக்கிறான். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் செருப்பு இல்லாமல் கால் வைக்க முடியாது. தண்ணீர் பாட்டில் கையோடு எடுத்துப் போங்கள், ஊற்றுத் தண்ணீர் இப்போது முன்போல் இல்லை.